மைனஸ் இருபது கிலோ

போன மாதம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பழைய வார்ப்பாலைக்கு என்னை அழைத்துப் போய் ஒரு கணினியைக் காட்டினார்கள். உலையில் எந்த இரும்பை எத்தனை கிலோ போட வேண்டும் என்பதை இனிமேல் அதுவே சொல்லிவிடுமாம். பதினெட்டு வருடம் நான் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிச் சொன்ன விஷயம்தான். கணினிக்குத் தனி அறை, ஏ.சி., வாசலில் மிதியடி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு மின்விசிறிகூடச் சரியாக ஓடவில்லை என்பதைப் பொறாமையில் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் சுரேஷ். நல்ல பிள்ளை. "மேடம், நம்ம வார்ப்பாலை சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. அந்தக் காலத்துல எப்படி கையால கணக்கு போட்டீங்கன்னு. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்: "இதுல மைனஸ் வந்தா என்ன காட்டும்?"

"வராது மேடம். புரோகிராம்லயே அடைச்சிட்டோம். மைனஸ் வந்துச்சுன்னா அது தானா சைபர்னு காட்டிடும்."

"ஏன்?"

"மேனேஜருக்கு ஸ்கிரீன்ல மைனஸ் பாத்தா டென்ஷன் ஆவுதாம்."

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். கட்டுரை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜாலியாகத்தான் எழுதப் பார்க்கிறேன்.

ஒருங்கமை சமன்பாடுகளை நான் கற்றது பூந்தமல்லியில், ஒன்பதாம் வகுப்பில். மூன்று பேனாவும் இரண்டு பென்சிலும் வாங்கினான் ஒருவன்; அப்பாவின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு; இரண்டு எண்களின் கூடுதல் இத்தனை, வித்தியாசம் இத்தனை. அந்த உலகத்தில் எல்லாரும் முழு எண்களில் வாழ்ந்தார்கள். கணக்கு எடுத்த சிஸ்டர் எங்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். வயதோ எடையோ மைனஸில் வந்தால் நீ எங்கேயோ குறியைத் தவறவிட்டிருக்கிறாய், திரும்பப் போடு. நான் அந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பிறகு பி.எஸ்ஸி. வேதியியல், கல்யாணம், ஆவடியில் குடித்தனம், ஒரு பெண் குழந்தை. கணவருக்கு அண்ணனூர் ரயில் பணிமனையில் ஷிப்ட் வேலை. எண்பதில் நான் வார்ப்பாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் கழிப்பறை எங்கே என்று காட்டினார்கள். ஆண்களுக்கானது மட்டும்தான் இருந்தது. மற்ற இரண்டு நாளில் மீதி எல்லாம்.

எங்கள் சரக்கு பேருந்துகளுக்கான பிரேக் டிரம். சக்கரத்துக்குள்ளே இருக்கும் பெரிய இரும்புக் கிண்ணம் அது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் இதன் உட்சுவரில்தான் கட்டைகள் உரசி வண்டி நிற்கும். அந்த இரும்பில் நூற்றுக்கு மூன்று புள்ளி நான்கு பங்கு கார்பன் இருக்க வேண்டும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் இரும்பு கல்லாக இறுகும்; பார்க்கப் பளபளப்பாக இருக்கும்; சூடேறி ஆறி, சூடேறி ஆறி ஒரு நாள் விரிசல் விடும். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாது.

உலையில் ஒரு முறை உருக்கி ஊற்றுவதை ஒரு ஹீட் என்போம். ஒரு ஹீட்டுக்கு ஐந்நூறு கிலோ. அதில் இருநூறு கிலோ, போன ஹீட்டில் மிஞ்சி உறைந்த எங்கள் சொந்த இரும்பு. அதில் கார்பன் ஏற்கெனவே சரியாக இருக்கும் என்பதால் கணக்கில் அதைத் தொட வேண்டாம். மீதி முந்நூறு கிலோவில்தான் என் படிப்பு வேலை செய்யும். வழக்கமாக இரண்டு சாமான். ஒன்று பிக் அயர்ன் என்னும் வார்ப்பிரும்புக் கட்டி, அதில் கார்பன் 4.2. இன்னொன்று ஸ்டீல் ஸ்கிராப், அதில் வெறும் 0.2. கட்டி x கிலோ, ஸ்டீல் y கிலோ என்று வைத்துக்கொண்டால் இரண்டே வரி:

x + y = 300
4.2x + 0.2y = 3.4 × 300 = 1020

முதல் வரியை 0.2-ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் 4x = 960. கட்டி 240, ஸ்டீல் 60. உலைக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்பலகையில் தினம் காலை ஏழரைக்கு இதை எழுதுவேன். சரக்கு லாரிக்கு லாரி மாறும் என்பதால் எண்களும் மாறும். தொழிலாளர்கள் என்னை டீச்சரம்மா என்றார்கள். கெமிஸ்ட் என்ற சொல்லை யாரும் நம்பவில்லை.

உலையைப் பார்த்துக்கொண்டவர் கோவிந்தன். அயனம்பாக்கத்திலிருந்து ஏரிக்கரை வழியாக சைக்கிளில் வருவார். நான் அவரைக் கோவிந்தண்ணே என்பேன். அவர் ஆறாம் வகுப்பு. இரும்பு உருகியதும் ஒரு சின்ன ஆப்பு வடிவ அச்சில் கொஞ்சம் ஊற்றி, ஆறவைத்து, சுத்தியலால் உடைத்து, உடைந்த முகத்தைப் பார்ப்பார். சாம்பல் நிறமாக இருந்தால் ஊற்றலாம். நுனியில் வெள்ளை ஏறியிருந்தால் கார்பன் போதாது. நான் சோதனைக் கூடத்தில் துருவலை ஆக்சிஜனில் எரித்து, வரும் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் நீல நீரின் மட்டத்தை வைத்து அளந்து, வெப்பநிலைக்குத் திருத்தம் போட்டு, இருபத்தைந்து நிமிடம் கழித்துச் சொல்லும் முடிவை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். தசமத்தை மட்டும் எனக்கு விட்டுவைத்தார்.

எங்கள் இருவருக்கும் மேலே ஒர்க்ஸ் மேனேஜர் வரதராஜன் சார்.

அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். சஃபாரி சூட், கைக்குட்டையில் அத்தர். உலைக்கு வந்தால் சரியாக ஐந்து அடி தள்ளி நிற்பார். கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால். அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லா உத்தரவும் வாய்மொழி. எழுதுவது எங்கள் வேலை, மாட்டிக்கொள்வதும் எங்கள் வேலை. கணக்கைக் காட்டப் போனால் "ஆன்சர் என்ன?" என்பார். எப்படி வந்தது என்று கேட்க மாட்டார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே மருந்து உண்டு: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா." பிக் அயர்ன் குறைவா, அட்ஜஸ்ட். ஆக்சிஜன் சிலிண்டர் காலியா, அட்ஜஸ்ட். கழிப்பறை கேட்டு நான் கொடுத்த மனுவுக்கும் அதே. பக்கத்துக் கம்பெனியில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆகஸ்ட் மாதம். பிக் அயர்ன் லாரி வரவில்லை. சனிக்கிழமைக்குள் டிரம் போயாக வேண்டும். வரதராஜன் சார் பக்கத்து லேத் பட்டறைகளில் மலிவாகப் போரிங் வாங்கிக் குவித்தார். வார்ப்பிரும்பைக் கடையும்போது உதிரும் துருவல் அது. மழையில் நனைந்து துருவேறி, செம்மண் குன்றுபோல் முற்றத்தில் கிடந்தது. அதை எடுத்து எரித்துப் பார்த்தேன். கார்பன் 3.2.

"கட்டி இல்லாம போரிங்கும் ஸ்டீலும் வச்சு முடிச்சிடுங்க" என்றார் சார். "ஸ்டீல் நிறைய கிடக்கு. அதையும் தீர்க்கணும்."

உட்கார்ந்து போட்டேன். போரிங் x, ஸ்டீல் y.

x + y = 300
3.2x + 0.2y = 1020

பெருக்கிக் கழித்தால் 3x = 960. போரிங் 320 கிலோ. ஸ்டீல் மைனஸ் 20 கிலோ.

சிஸ்டர் சொன்னபடி திரும்பப் போட்டேன். அதே விடை. x-ஐ y என்றும் y-ஐ x என்றும் மாற்றிப் போட்டேன். வேறு காகிதத்தில் போட்டேன். வேறு பேனாவில்கூடப் போட்டேன். மைனஸ் இருபது நகரவில்லை. ஏழரை மணி ஆகிவிட்டது. பலகையில் அப்படியே எழுதிவிட்டுச் சாரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன்.

கோவிந்தன் பலகை முன்னால் நின்று பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, இருவதுக்கு முன்னால ஒரு கோடு இஸ்துகினு கீறே?"

"மைனஸ் அண்ணே."

"மைனஸ் இருவது கிலோன்னா எப்டி அள்றது? எந்தப் பக்கம் ஷவல புடிக்கணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போட முடியாது. அப்ப எடுக்கணும். உலைக்குள்ள கீறதுல இருந்து இருவது கிலோ ஸ்டீல உருவி வெளிய கடாசணும்னு சொல்லுது உன் கணக்கு. அதானே? ஏற்கெனவே தண்ணியா கீற மோரு. அதுல தண்ணி ஊத்துன்றாரு உன் மேனேஜரு. ஊத்த முடியாது, கீற தண்ணியவே இறைக்கணும்னு நீ எழுதிக்கீறே."

என் பி.எஸ்ஸி. பட்டத்தை அந்த இடத்திலேயே அவரிடம் கொடுத்திருக்கலாம். இரண்டு சமன்பாடுகளும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு நீ கேட்பதைச் செய்ய முடியாது. அவ்வளவுதான். எங்கள் தொழிற்சாலையில் முடியாது என்று சொன்ன ஒரே ஆள் அந்த y.

வரதராஜன் சார் வந்தார். ஐந்து அடி தள்ளி நின்றார்.

"என்னம்மா இது?"

"இந்த ரெண்ட வச்சு 3.4 வராது சார். கட்டி வர்ற வரைக்கும் நிறுத்தணும். இல்லன்னா ஸ்டீலே போடாம, கார்பன் ஏத்த கிராஃபைட் வாங்கிக் குடுங்க. ரெண்டு நாள்ல கிடைச்சிடும்."

"ரெண்டு நாள் கிடையாது. எடை எங்கயாவது மைனஸ்ல இருக்குமா? தராசுல மைனஸ் இருக்கா? சைன் மிஸ்டேக் போட்டுட்டு ஃபேக்டரிய நிறுத்தச் சொல்றீங்களே."

"நாலு தடவை போட்டேன் சார்."

"நாலு தடவையும் தப்பா போட்டிருக்கீங்க."

அப்போது அவர் செய்ததை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். முதுகுக்குப் பின்னால் இருந்த கை முன்னால் வந்தது. ஐந்து அடியையும் கடந்து பலகைக்கு வந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இருபதுக்கு முன்னால் இருந்த கோட்டை ஒரே தேய்ப்பில் அழித்தார். பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப கரெக்டா இருக்கு."

கோவிந்தன் கேட்டார்: "சார், முன்னூத்தி இருவதும் இருவதும் முன்னூத்தி நாப்பது ஆவுது. முன்னூறுதானே போடணும்?"

"நாப்பது கிலோ கூட வந்தா நல்லதுதானேப்பா. ப்ரொடக்‌ஷன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பயம் ஒரு பாதி. இன்னொரு பாதி, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாலு தடவையும் தப்பாகப் போட்டிருப்பேனோ என்ற சந்தேகம். ஒன்பதாம் வகுப்பின் சிஸ்டரும் வரதராஜன் சாரும் சேர்ந்து ஒரே வார்த்தையைச் சொல்லும்போது எதிர்த்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

பலகையில் இருந்தபடியே அள்ளிப் போட்டார்கள். துருவும் ஈரமும் சேர்ந்து உலை சீறியது. உருகியதும் கோவிந்தன் ஆப்பு ஊற்றி உடைத்தார். உடைந்த முகத்தை என் பக்கம் நீட்டினார். பாதிக்கு மேல் வெள்ளை. "பாத்துக்கோ டீச்சரம்மா" என்றார். சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஊற்றினார்கள்.

எட்டு டிரம் வந்தது.

நான் அந்த டிரம் இரும்பின் துருவலை எரித்து அளந்தேன். நீல நீர் நின்ற இடம் 3.08. துரு வேறு தன் பங்குக்குக் கார்பனைத் தின்றிருந்தது. சான்றிதழ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன்.

"ஆன்சர் என்ன?"

"3.08 சார்."

"3.38 போட்டுக்கோங்க. அடுத்த ஹீட்ல அட்ஜஸ்ட் பண்ணிடலாம்."

அடுத்த ஹீட்டை அட்ஜஸ்ட் செய்தால் போன ஹீட் எப்படிச் சரியாகும் என்று கேட்கவில்லை. சைபர் இருந்த இடத்தில் மூன்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன், என்னுடையது. தெளிவான கையெழுத்து. அதற்காகப் பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் என் மகள் ஷீலா கூடத்தில் தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. என்ன பாடம் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

"அம்மா, வயசு மைனஸ் நாலுன்னு வருது."

"சரியா போட்டியா?"

"ரெண்டு தடவை போட்டேன். பரவால்ல விடு, நான் மைனஸ எடுத்துட்டேன். நாலு. வயசு எப்படிம்மா மைனஸ்ல இருக்கும்?"

அவள் ரப்பரை ஊதித் துகளைத் தள்ளிவிட்டாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

ஷீலா தினமும் ஆவடியிலிருந்து பள்ளிக்குப் பேருந்தில் போய் வருவாள். அதுவரை அந்தப் பேருந்துகளைப் பற்றி எனக்கு இருந்த ஒரே கவலை கூட்டம். ஒரு வண்டிக்கு நாலு சக்கரத்தில் டிரம் என்று வைத்துக்கொண்டால் எட்டு டிரம் இரண்டு வண்டி. நகரத்தில் எத்தனையோ வண்டிகள் ஓடும்போது இரண்டு வண்டி ஒரு பெரிய விஷயமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டில் ஒன்று இந்தத் தடத்தில் வருமா? வந்தாலும் அவள் ஏறுவாளா? ஏறினாலும் அன்றைக்கேவா விரிசல் விடும்? இப்படிப் பெருக்கிப் பெருக்கிக் கொண்டுபோனால் ஆபத்து மிகச் சின்ன எண்ணாகச் சுருங்கும் என்பதை என் படிப்பு எனக்குச் சொன்னது. சைபர் ஆகாது என்பதையும் அதே படிப்புதான் சொன்னது. அவள் ஏறாத வண்டியில் வேறு யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை ஏறும் என்பதைப் படிக்காமலே தெரிந்துகொண்டேன்.

அடுத்த இரண்டு நாள் ஷீலாவை ரயிலில் அனுப்பினேன். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. "ஏம்மா?" என்றாள். உடம்புக்கு நல்லது என்றேன். டிரம்கள் அப்போது வார்ப்பாலைக்கு எதிரே இருந்த கடைசல் பட்டறையைத் தாண்டியே போகவில்லை. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். இருந்தும் ரயிலில்தான் அனுப்பினேன்.

நாலாம் நாள் காலை பட்டறைக்காரர் வார்ப்பாலை வாசலில் வந்து சத்தம் போட்டார். "இன்னாய்யா இரும்பு ஊத்திக்கீறீங்க? கல்லு மாதிரி கீது. ஒரு டிரம் கடையறதுக்குள்ள நாலு டூலு பூட்ச்சு!"

நான் சோதனைக் கூடத்துக்குப் போய்ச் சான்றிதழ் புத்தகத்தை எடுத்தேன். 3.38-ஐ ஒரு கோட்டால் அடித்தேன். பக்கத்தில் 3.08 என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். கீழே 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினேன். பிறகு புத்தகத்தோடு சாரின் அறைக்குப் போனேன்.

வரதராஜன் சார் படித்தார். முகம் சிவந்தது.

"ரெக்கார்ட திருத்துறது குற்றம்னு தெரியுமா?"

"தெரியும் சார். முதல் தடவை திருத்துனதும் நான்தான். ரெண்டுக்கும் சேர்த்து நடவடிக்கை எடுங்க."

"யாரு திருத்தச் சொன்னா?"

"அது புத்தகத்துல இல்ல சார்."

அவர் கட்டைவிரல் அந்தப் பக்கத்தின் மேல் போய் நின்றதைப் பார்த்தேன். ஆனால் இது சாக்பீஸ் இல்லை, மை. எழுந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். "எனக்கு கிண்டியில மீட்டிங். நான் இத பாக்கல" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். என் பணிக்காலத்தில் அவர் எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

கோவிந்தனிடம் போனேன். "அண்ணே, அந்த எட்டையும் ஒடைக்கணும்."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"நாலு நாளா எங்க பூட்டே டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டு, பெரிய சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கைவண்டியைத் தள்ளினார்.

நல்ல டிரம்மை உடைக்க மூன்று நாலு அடி வேண்டும். இவை முதல் அடியிலேயே பீங்கான் தட்டு மாதிரிப் பிளந்தன. ஒவ்வொன்றிலும் அதே வெள்ளை. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஐந்து. ஆறு. ஏழு.

"எட்டு எங்க?"

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "முந்தாநாளே ஒண்ணு கடைஞ்சி முடிச்சேனே. அத உங்க சார்தான் சாம்பிளுக்குன்னு வாங்கிகினு போனாரு. மின்னிச்சே, கண்ணாடி மாதிரி!"

எட்டில் அதுதான் பார்க்க அழகாக இருந்திருக்கிறது. இறுகிய இரும்பு கடைந்தால் அப்படித்தான் பளபளக்கும்.

மதியமே உடைந்த ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, வாங்குகிறவர்களின் கிடங்குக்குப் போனேன். பேருந்தில்தான். கிடங்கில் இருந்தவர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

"அந்த சாம்பிளா? பிரமாதமான ஃபினிஷ் மேடம். எங்க இன்ஸ்பெக்டர் ரொம்பப் பாராட்டினாரு. உடனே அப்ரூவல் குடுத்துட்டாரு."

"அது இப்ப எங்க இருக்கு?"

"ஸ்டாக்குல சேர்த்திருப்பாங்க. நேத்தே டிப்போவுக்கு லோடு போச்சு."

"எந்த டிப்போ? அதுல ஹீட் நம்பர் இருக்குமே."

ஒவ்வொரு டிரம்மின் விளிம்பிலும் ஹீட் நம்பரைப் புடைப்பாக வார்த்திருப்போம். அவர் பதிவேட்டைப் புரட்டினார். நம்பர் எழுத வேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தது. சாம்பிள் அழகாக இருக்க வேண்டும் என்று விளிம்பையும் சேர்த்துக் கடைந்து மழமழவென்று ஆக்கச் சொல்லியிருக்கிறார் சார். நம்பரும் சேர்ந்து போய்விட்டது. வெள்ளைத் துண்டை மேசைமேல் வைத்து, கார்பன் எவ்வளவு, ஆபத்து என்ன, எல்லாம் எழுதியே கொடுத்தேன். அவர் வாங்கிக் கோப்பில் வைத்தார். டிப்போக்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். சொல்லியிருப்பார்கள். எல்லா டிரம்மும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும், எதைக் கழற்றுவார்கள்?

எனக்கு மெமோ வந்தது. பதிவேட்டைத் திருத்தியது, அனுமதியின்றிச் சரக்கை உடைத்தது என்று இரண்டு குற்றம். இரண்டையும் ஒப்புக்கொண்டேன். ஸ்டோர்ஸில் போட்டார்கள். ஒன்றரை வருடம் கையுறையும் சாக்பீஸும் எண்ணிக்கொடுத்தேன். என் இடத்துக்கு வந்த கெமிஸ்டுக்கு ஒரு நாள்கூட மைனஸ் வரவில்லை. எல்லா ஹீட்டும் 3.40. அப்படி ஓர் ஒழுக்கமான இரும்பு உலகத்தில் எங்கேயும் கிடையாது. புகார்கள் குவிந்த பிறகு என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வரதராஜன் சார் அதற்குள் ஜெனரல் மேனேஜர் ஆகிவிட்டார். மேலே போகிறவர்களுக்கு மைனஸ் கிடையாது.

தொண்ணூற்றெட்டில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது, எத்தனை வருடப் பணிக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தட்டச்சு செய்து தந்தார்கள். சரிபார்த்தேன். சரியாக இருந்தது. கோவிந்தன் வாசல்வரை வந்து, "எட்டாவது இன்னும் தூங்க உடலியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு பிரேக் டிரம் பத்து வருடம் ஓடாது. எனக்குத் தெரியும். தேய்ந்தோ விரிசல் கண்டோ அது எப்போதோ கழற்றப்பட்டு, ஸ்கிராப்பாக விற்கப்பட்டு, ஏதாவது ஓர் உலையில் உருகியிருக்கும். எங்கள் உலையிலேயே உருகியிருக்கலாம். விரிசல் கண்டு கழற்றினார்களா, ஓடும்போதே விரிசல் விட்டு ஏதாவது ஆனதா என்பதுதான் தெரியாது. ஓர் எண் தெரியாவிட்டால் இன்னொரு சமன்பாடு வேண்டும். அது எனக்குக் கிடைக்கவில்லை.

இனி சுரேஷின் கணினி. தண்ணீரைக் குடித்த பிறகு நான் அவரிடம் ஓர் உதவி கேட்டேன். போரிங் 3.2, ஸ்டீல் 0.2, தேவை 3.4, எடை 300 என்று போடச் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது: போரிங் 320, ஸ்டீல் 0.

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு நீட்டா வந்திருக்கு!"

"கூட்டிப் பாருங்க" என்றேன்.

கூட்டினார். 320. மேலே இருந்த 300-ஐப் பார்த்தார். மறுபடி கூட்டினார். ஏ.சி. அறையில் அவருக்கு லேசாக வியர்த்தது. மேனேஜரின் கட்டைவிரலை நாக்கிலிருந்து எடுத்து இந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

கட்டுரை தருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தேன். சைபரை எடுத்துவிட்டு மைனஸ் வந்தால் மைனஸையே காட்ட வேண்டும், சிவப்பில், பெரிதாக. மேனேஜருக்கு டென்ஷன் ஆகட்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். "கேட்டுப் பாக்கறேன் மேடம்" என்றார் சுரேஷ். மைனஸ் திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்தக் காகிதங்களைக் கையில் கொடுப்பேன். ஆகவே நீங்கள் இதை மலரில் படித்துக்கொண்டிருந்தால் அது வந்துவிட்டது. தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்.

ஷீலாவுக்கு இப்போது இருபத்தைந்து வயது. தொழிற்பேட்டையில் வேலை. பேருந்தில்தான் வருகிறாள். நேற்றுச் சாயங்காலம் வண்டி நின்று, அவள் இறங்கும்வரை ஆவடி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்மா டெய்லி வந்து நிக்கற? நான் என்ன சின்னப் பாப்பாவா?"

"காய் வாங்க வந்தேன்டி."

அவள் என் கையிலிருந்த பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். காலி. பையை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்தாள். நான் திரும்பி, கிளம்பிப் போகும் அந்த வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.